பேட்டரி யார் பேரில்?

புத்தலப்பட்டிலிருந்து ஒரு போன்

அந்தப் போன் வந்தபோது நான் சித்தூர் கடையில் ஒரு டிராக்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பேசியவர் முதலில் பெயரைச் சொல்லவில்லை. கார் செத்துப் போச்சு என்றார். என்ன கார் என்று கேட்டேன். ஜெர்மன் கார், பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றார். அன்றைக்குத் திருப்பதியில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ராகுகாலம் பிறப்பதற்குள் வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், அது தானா செத்துச்சா, யாராச்சும் சாவடிச்சாங்களான்னு நீங்கதான் வந்து பாத்து சொல்லணும்."

இருபது வருஷத்துக்கு மேல் பேட்டரி வேலை பார்க்கிறேன். நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, இந்தத் தொழிலுக்கு வந்தவள். லாரி, ஜேசிபி, இன்வெர்ட்டர், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றியிருக்கிறேன். பேட்டரிக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார்களில் பேட்டரி மாற்றுவது பல்பு மாற்றுவது போலத்தான். கழற்று, மாட்டு, போ. இப்போது வருகிற சில கார்களில் அப்படி முடியாது. பேட்டரிக்கு எவ்வளவு வயதாயிற்று என்று காரில் உள்ள கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். அதற்குத் தகுந்தபடி சார்ஜ் ஏற்றும். நாம் புதுசு வைத்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டால், கிழவனுக்குப் போடுகிற சாப்பாட்டையே குழந்தைக்கும் போட்டுக்கொண்டிருக்கும். 'இது புதுசு' என்று காருக்குச் சொல்வதற்குத்தான் பேட்டரி ரிஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். முன்பு இதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். இப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு டாங்கிள் ஒன்றைச் சொருகி, ப்ளூடூத்தில் போனோடு சேர்த்து, ஆப்பைத் திறந்து இரண்டு பட்டனை அழுத்தினால் முடிந்தது. முடிய வேண்டும்.

சரியான அளவு பேட்டரியை வேனில் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

சுவரின் நுனியில் நின்ற கார்

வீடு பெரியது. ஆனால் நடுவில் வாசல்வரை புதுச் சுவர் ஒன்று ஓடியது. இன்னும் பூச்சு வேலை ஆகவில்லை. சுவரின் நுனியில், அளந்து வைத்தது போல, கறுப்பு நிறத்தில் அந்தக் கார் நின்றது. டிரைவர் பக்கக் கதவு வலது வாசலைப் பார்த்திருந்தது. மற்ற கதவு இடது வாசலைப் பார்த்திருந்தது.

இடது வாசலில் பட்டுச் சட்டையோடு நின்றவர் கஜேந்திரன். போன் செய்தவர் அவர்தான், மூத்தவர். வலது வாசலில் லுங்கியும் பனியனுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் லோகநாதன், அவருடைய தம்பி. இருவருக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. கஜேந்திரன் என்னிடம், "கேளுங்க மேடம், சாவி எங்கன்னு" என்றார். லோகநாதன் என்னிடம், "வண்டியிலயே கீதுன்னு சொல்லுங்க மேடம்" என்றார்.

கஜேந்திரனின் மனைவி சரோஜா மோர் கொண்டுவந்து கொடுத்தபோது விஷயத்தையும் கொடுத்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் மாங்காய் மண்டி நடத்தினார்களாம். போன வருஷம் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம், மண்டி, வீடு, மாடு எல்லாம் பிரிந்துவிட்டது. காரை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. அதனால் ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் தம்பிக்கு என்று பாகப் பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரு வாரத்துல கோயில் வரைக்கும் ஓட்டுவாரு. கொழுந்தன் வாரத்துல மண்டி வரைக்கும் ஓட்டுவாரு. அவ்ளோதாம்மா. மிச்ச நேரமெல்லாம் வாசல்ல நிறுத்தி வெச்சுக்கினு உள்ள உக்காந்து பாட்டு கேப்பாங்க. தெருவுல போறவங்க பாக்கணும் இல்ல?"

அன்றைக்கு நடந்தது தம்பியின் வாரம். நிச்சயதார்த்தத்துக்குத் தம்பியை அழைக்கவில்லை. ஆனால் கார் வேண்டும். சரோஜாதான் போய்க் கேட்டிருக்கிறார். எடுத்துக்கினு போங்க என்று லோகநாதன் உடனே சொல்லிவிட்டாராம். சாவியைத் திருகினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை. வேண்டுமென்றே செய்துவிட்டான் என்று கஜேந்திரன் முடிவு கட்டிவிட்டார்.

நான் பானட்டுக்குள் உள்ள டெர்மினலில் பூஸ்டரை மாட்டி வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தேன். கரண்ட் வந்ததும் டிக்கியைத் திறந்தேன். இந்தக் காருக்குப் பேட்டரி பின்னால் இருக்கும். ஓரத்து மூடியைக் கழற்றியதும் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. பேட்டரியின் வயிறு உப்பியிருந்தது. சாதாரண டைப் பேட்டரி அது. இந்தக் காருக்கு ஏஜிஎம் என்கிற வேறு டைப் போட வேண்டும்.

இதை எப்போது மாற்றினீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன்.  கஜேந்திரன் சொன்னார், போன வருஷம் அவருடைய வாரத்தில் பலமனேர் சந்தைக்குப் போனபோது வண்டி நின்றுவிட்டது, ரோட்டோரத்தில் ஒருவர் மாற்றிக் கொடுத்தார் என்று. சொல்லச் சொல்லவே அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கும் புரிந்துவிட்டது. கட்டியிருந்த கையை லோகநாதன் மெதுவாக அவிழ்த்தார்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன். பேட்டரி கெட்டதற்குக் காரணம் தவறான டைப், ரிஜிஸ்டர் செய்யாதது, நூறு அடி ஓட்டிவிட்டு மணிக்கணக்கில் பாட்டு கேட்டது. முதல் இரண்டும் அண்ணன் கணக்கு. மூன்றாவது இருவர் கணக்கு. இதைப் பிரித்துச் சொன்னால் அன்றைக்கு இன்னொரு சுவர் எழும்பும்.

"யாரும் சாவடிக்கலைங்க. மாத்தினவர் புது பேட்டரின்னு கார்கிட்ட ரிஜிஸ்டர் பண்ணாம வுட்டுட்டாரு. அதான்" என்றேன்.

சண்டையை அணைக்கத்தான் சொன்னேன். ரிஜிஸ்டர் என்ற சொல் அந்த வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

ஸ்தாவரமா, ஜங்கமமா

பேட்டரியை மாற்றி முடித்தேன். கனமான பேட்டரி. லோகநாதன் ஒரு பக்கம் பிடித்தார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. கஜேந்திரன், ஆச்சா, கிளம்பலாமா என்று கேட்டார். ஓடும், ஆனால் ரிஜிஸ்டர் செய்யாமல் போனால் இதுவும் அதே மாதிரி ஆகும், கொஞ்ச நேரம்தான் என்றேன்.

"யார் பேர்ல?" என்று லோகநாதன் கேட்டார்.

முதலில் எனக்குக் கேள்வி புரியவில்லை. அவர் விளக்கினார். யாருடைய வாரத்தில் பழுது வருகிறதோ அவர்தான் செய்துகொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. இது அவருடைய வாரம். ஆகவே பேட்டரி அவர் பேரில்தான் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.

கஜேந்திரன் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆர்.சி. என் பேர்ல கீது. வண்டி ஒருத்தன் பேர்ல, பேட்டரி ஒருத்தன் பேர்லன்னா போலீஸ் புடிக்க மாட்டானா?"

இது காருக்குச் சொல்கிற விஷயம், ஆளுக்கு இல்லை என்றேன். இருவரும் என்னை நம்பவில்லை. காருக்கு எப்படி எழுதிக் கொடுக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். அவர்தான் இவர்களுடைய பாகப் பத்திரத்தை எழுதிய டாக்குமெண்ட் ரைட்டர். நிச்சயதார்த்தத்துக்குப் போக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. விஷயத்தை இரண்டு தரப்பும் அவரிடம் சொன்னார்கள். அவர் டிக்கிக்குள் குனிந்து பேட்டரியை வெகுநேரம் பார்த்தார்.

முதலில் இது ஸ்தாவர சொத்தா, ஜங்கம சொத்தா என்று தீர்மானிக்க வேண்டும் என்றார். அதாவது வீடு போல நிற்பதா, மாடு போல நடப்பதா. போல்ட் போட்டு இறுக்கியிருப்பதால் ஸ்தாவரம் என்று வாதிடலாம். ஆனால் இறுக்கியிருக்கும் காரே ஓடுவதால் ஜங்கமம் என்றும் சொல்லலாம். ஜங்கமம் என்றால் ரிஜிஸ்டர் கட்டாயம் இல்லை. ஸ்தாவரம் என்றால் இரண்டு சாட்சி வேண்டும். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே யோசித்தார். பிறகு என்னிடம், இது எந்த ஆபீசில் நடக்கும் என்று கேட்டார்.

போனில் நடக்கும் என்றேன்.

"எல்லாம் ஆன்லைன் ஆய்ட்ச்சு" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

புதுப் போன் செய்த வேலை

இனி என்னுடைய கஷ்டம். சென்னையில் வேலை செய்யும் என் மகள் அந்த மாதம்தான் எனக்கு ஒரு விலை உயர்ந்த போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். பழைய போனை டிராயரில் போட்டுவிட்டேன். டாங்கிளைச் சொருகி, புதுப் போனில் ப்ளூடூத்தைத் தேடினால் டாங்கிள் தெரியவே இல்லை. என் டாங்கிள் பழைய வகை, ஆண்ட்ராய்டு போனோடு மட்டும்தான் சேரும். இந்தப் போனோடு சேராது. அதை அந்த வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு டிவி தெரிந்தது, யாருடையதோ இயர்போன் தெரிந்தது. வேண்டியது மட்டும் தெரியவில்லை.

வேறு போன் வேண்டும் என்றேன். கஜேந்திரனிடமும் என்னுடையது போன்ற போன்தான். லோகநாதனிடம் சாதாரண ஆண்ட்ராய்டு இருந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தபோது முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அண்ணனின் விலை உயர்ந்த போன் வேலைக்கு ஆகவில்லை என்பது அவருக்கு அன்றைய முதல் நல்ல செய்தி.

ஆனால் ஆப்பை இறக்க இன்டர்நெட் வேண்டும். அந்த வாசலில் பேசத்தான் சிக்னல் வரும், இன்டர்நெட் வராது. வைஃபை கஜேந்திரன் பக்கம். பாகம் பிரித்த மறுநாளே அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். சொல்லுங்கள், நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் சொல்லவில்லை. தம்பியின் போனை வாங்கிக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி நின்று, தோள் துண்டை எடுத்து மேலே மூடி, உள்ளே குனிந்து டைப் செய்தார். ஏடிஎம்மில்கூட ஒருவர் இவ்வளவு ஜாக்கிரதையாக நின்று நான் பார்த்ததில்லை. முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை சரோஜா உள்ளேயிருந்து, கடைசியில் பெரிய எழுத்து என்று தெருவுக்கே கேட்கும்படி ஞாபகப்படுத்தினார்.

அடுத்தது கடைக் கணக்கில் லாகின் செய்ய வேண்டும். ஆப்புக்கு லைசென்ஸ் எங்கள் முதலாளி பேரில் இருக்கிறது. அவர் திருப்பதி பிராஞ்சில் இருந்தார். வேறு போனில் திறந்தால் அவருடைய போனில் ஒரு கேள்வி வரும், அவர் சரி என்று தட்ட வேண்டும். போன் செய்து சொன்னேன். அவர் தட்ட மறுத்துவிட்டார். அவருடைய மைத்துனர் அந்த வாரம்தான் இப்படி ஏதோ ஒன்றைத் தட்டி ஏமாந்திருந்தார். நான்தான் பேசுகிறேன் என்றேன். குரலை மாத்தி பேசறாங்களாம்மா இப்போல்லாம் என்றார். நான் நான்தான் என்று நிரூபிக்க, போன தீபாவளிக்கு அவர் எல்லோருக்கும் போனஸ் என்று சொல்லி என்ன கொடுத்தார் என்று கேட்டார். காலண்டர் என்றேன்.

"சரே" என்று தெலுங்கில் சொல்லித் தட்டிவிட்டார்.

கதவைத் திறக்கக் கூடாது

இக்னிஷன் ஆன் செய்ய வேண்டும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இது விதி. நடுவில் திறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடலாம். லோகநாதனின் போன் என்பதால் அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அவன் மட்டும் தனியாக என்ன ரிஜிஸ்டர் செய்வான் என்று கஜேந்திரன் பக்கத்துச் சீட்டில் ஏறிவிட்டார். நான் பின்னால். ஏகாம்பரம் வெளியே நின்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டார். சாட்சி.

வெயில் ஏறியிருந்தது. ஏசி இல்லை. கஜேந்திரனின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆப் காரின் சேசிஸ் நம்பரைக் காட்டியது. நான் அதைக் கண்ணாடி வழியாக ஏகாம்பரத்திடம் காட்டினேன். அவர் கஜேந்திரன் கொடுத்த ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். "கார் பேர்லயேதான் ஆவுது. ரெண்டு பேருக்கும் இல்ல" என்று வெளியிலிருந்து தீர்ப்பு சொன்னார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. பட்டனை அழுத்தச் சொன்னேன். லோகநாதன் அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அப்போது கஜேந்திரனுக்குப் போன் வந்தது.

அவருடைய போன் பையில் இருந்தது. ஆனால் இக்னிஷன் ஆன் ஆனதும் கார் தானாக அதோடு ப்ளூடூத்தில் சேர்ந்திருந்தது. பதறிப்போய் எதையோ தட்டினார். சம்பந்தியின் குரல் நான்கு கதவு ஸ்பீக்கரிலும் ஒலித்தது. கிளம்பிவிட்டீர்களா என்று விசாரித்தார். இதோ, இதோ என்றார் கஜேந்திரன்.

"அது சரிங்க, உங்க தம்பிக்கு உடம்பு இப்போ எப்டி கீது? எழுந்திருக்கவே முடியலன்னீங்களே. அவர் வராதது எங்களுக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் கீது."

கஜேந்திரன் பையைத் தட்டினார், டேஷ்போர்டைத் தட்டினார், வைப்பர் ஓடியது. கையைக் கதவுப் பிடியில் வைத்தார். நான் பின்னாலிருந்து, திறக்காதீங்க என்றேன். வேறு வழியில்லை, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் வாய் திறந்தபடி இருந்தது.

லோகநாதன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "இப்போ பரவாயில்லைங்க."

யார் பேசறது என்று ஸ்பீக்கர் கேட்டது.

"தம்பிதாங்க. லோகநாதன். காலைலருந்து கொஞ்சம் தெம்பா கீறேன்."

சம்பந்திக்கு உண்மையாகவே சந்தோஷம். அப்படியானால் அவசியம் வந்துவிட வேண்டும், நாங்கள் உங்களைப் பார்த்ததே இல்லை என்றார். உடம்பு முடியாதவர் என்பதால் தனியாக ரசம் சாதம் செய்யச் சொல்கிறேன் என்றார். லோகநாதன் அதெல்லாம் வேண்டாம், எல்லாம் துன்னுவேன் என்றார். போன் கட்டாயிற்று.

 வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியைக் கீறிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. லோகநாதனின் போனில் வட்டம் நின்று, ஒரு பச்சை டிக் வந்தது. ரிஜிஸ்ட்ரேஷன் சக்சஸ்ஃபுல் என்று இருந்தது. அதை அவர் அண்ணனிடம் நீட்டிக் காட்டினார். கஜேந்திரன் அதைப் படித்தார். படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இன்னா நோவுன்னு சொன்ன எனக்கு?" என்று லோகநாதன் கேட்டார். அவர் நேராக அண்ணனிடம் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

கஜேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இடுப்பு" என்றார்.

கடைசியில் கேட்டது

கதவுகளைத் திறந்ததும் எல்லோரும் காற்று வாங்கினோம். நான் டாங்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து சார்ஜிங் வோல்டேஜ் பார்த்தேன். சரியாக இருந்தது. லோகநாதன் தன் வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே போகவில்லை, படியில் உட்கார்ந்துகொண்டார். கஜேந்திரன் வேன்வரை என்னோடு வந்தார்.

"மேடம், திருப்பதி போற வழியில நின்னுடுமா?"

நிற்காது என்றேன். வாரண்டி இருக்கிறது என்றேன்.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. புதுப் பேட்டரி நிற்காது என்று சொன்னதற்கு முகம் வாடிய கஸ்டமரை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி கேட்டார். "இல்ல, புதுசு இல்லையா. பலமனேர்ல நின்னதுக்கப்புறம் நான் கோயிலைத் தாண்டி ஓட்டுனது இல்ல. ஏகாம்பரத்துக்கு சைக்கிளே வராது. வழியில ஏதாச்சும்னா, வண்டி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருந்தா நல்லது இல்லையா? நீங்க டெக்னிக்கலா இன்னா சொல்றீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிலில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்தேன். உப்பிய பழைய பேட்டரியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி, வலது வாசலுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "ரிஜிஸ்டர் பண்ண உடனே முதல் லாங் டிரைவ், எந்த போன்ல ரிஜிஸ்டர் ஆச்சோ அவங்கதான் ஓட்டணும். கம்பெனி ரூல்."

அப்படி எந்தக் கம்பெனியிலும் ரூல் கிடையாது.

கஜேந்திரன் தம்பியைப் பார்த்தார். "கேட்ட இல்ல? கம்பெனி ரூலாம்" என்றார்.

அண்ணன் வீட்டு ஜன்னலில் பூவும் நகையுமாக நின்றிருந்த மணப்பெண், "சித்தப்பா, லுங்கியோட வராத. சட்டை மாத்திக்கினு வா" என்றாள். லோகநாதன் எழுந்து உள்ளே போனார். போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டிக் காட்டினார். சரோஜா சிரித்துவிட்டார். ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் கிளம்பியது. தம்பி ஓட்டினார், அண்ணன் பக்கத்தில். ஏகாம்பரம் பெண்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு பின்னால்.

இப்போது எங்கள் கடைக்குப் புதிதாக வருகிற டெக்னீஷியன்களுக்கு நான்தான் டிரெயினிங் கொடுக்கிறேன். டாங்கிளும் போனும் சேருமா என்று கடையிலேயே பார்த்துக்கொண்டு கிளம்பு, ஆப்பை முன்னாலேயே லாகின் செய்து வை, ரிஜிஸ்டர் என்கிற சொல்லை வாசலில் நின்று சொல்லாதே, 'காருக்குப் பேட்டரியை அறிமுகப்படுத்துகிறேன்' என்று சொல் என்பேன். கஸ்டமரின் போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்வேன். நடுவில் கால் வந்தால் வேலை கெட்டுவிடும்.

பெரும்பாலும் கெட்டுவிடும்.